மூர் மார்க்கெட் தீயும் நம் ஏடுகளும்

ஒரு சமுதாயத்தின் வரலாறு கல்லில் தங்கும். அல்லது ஏட்டில் தங்கும். கோட்டை கட்டிய மன்னனும் கோயில் எழுப்பிய செல்வனும் தம் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல்லை உடைத்தவர்களும் சுமந்தவர்களும் தம் பெயரை எங்கும் வெட்டி வைக்கவில்லை. அவர்கள் வழிவந்த நமக்குக் கல்லில் இடம் கிடைக்காமற் போனதால், ஏடு ஒன்றே துணையாக நின்றது. அந்த ஏடோ தீக்கு எளிதில் இரையாகும் பொருள்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில், எரிந்துபோன ஒரு கட்டடத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் வாழ்ந்த நம் பெரியவர்களுள் பலர் தாம் படித்த பாடநூல்களை வாங்கிய இடம் அது. அதன் கதையை அறிந்தால், நாம் இழந்தது எது, காக்க வேண்டியது எது என்னும் இரண்டும் விளங்கும். அக்கட்டடமே சென்னை மூர் மார்க்கெட்.

கட்டடம் எழுந்த வரலாறு

சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்திற்கு மேற்கே, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டி மூர் மார்க்கெட் நின்றது. அந்நிலப்பரப்பு முன்னர் ‘மக்கள் பூங்கா’ என்னும் பெரிய பூங்காவின் பகுதியாக இருந்தது. 1859, 1860 ஆண்டுகளில் சென்னை ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரெவெலியன் நகர மக்களுக்காக அமைக்க முனைந்த பூங்கா அது. பின்னாளில் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை ஆகியவை அப்பூங்கா நிலத்திலேயே அடுத்தடுத்து எழுந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பிராட்வேயில் இருந்த பாப்பம் அங்காடி நெரிசலும் தூய்மைக் குறைவும் மிகுந்து நகருக்குப் போதாததாயிற்று. அதற்கு மாற்றாகப் புதிய அங்காடி ஒன்றை எழுப்ப மாநகராட்சி முடிவு செய்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டினார். 1900ஆம் ஆண்டு அங்காடி திறக்கப்பட்டது. அவர் பெயரே அதற்கு நிலைத்தது. செந்நிறச் செங்கல்லால், இந்திய சாரசானிய முறையில், வளைவுகளும் தாழ்வாரங்களும் கொண்டு, நடுவில் முற்றம் அமைய நாற்புறமும் கட்டப்பட்ட அழகிய கட்டடம் அது.

தொடக்கத்தில் காய், கனி, இறைச்சி முதலிய அன்றாடப் பொருள்களுக்காகவே அது ஏற்பட்டது. காலப்போக்கில் அதன் இயல்பு மாறிற்று. பழைய புத்தகங்கள், இசைத்தட்டுகள், கடிகாரங்கள், துணிமணிகள், மரச்சாமான்கள், கூண்டுப் பறவைகள் என்று எல்லாம் கிடைக்கும் இடமாயிற்று. இரண்டாம் கைப் பொருள் என்றாலே மூர் மார்க்கெட் என்னும் அளவுக்கு அதன் பெயர் தமிழகம் எங்கும் பரவிற்று. அப்பெயருக்குப் பெரிதும் காரணமாக இருந்தவை அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளே.

மின்சார இரயில் திறந்த வழி

தென்புற ஊர்களில் வாழ்ந்த நம்மவர்க்கு மூர் மார்க்கெட்டை அண்மையில் கொண்டுவந்தது மின்சார இரயில். 1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர் பாதையில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. தென்னிந்தியாவில் முதன்முதலாக மின்மயமான பாதை இதுவே. தாம்பரத்தில் ஏறியவர் பார்க் நிலையத்தில் இறங்கி, நெடுஞ்சாலையைக் கடந்தால் மூர் மார்க்கெட் வாசலில் நிற்பார்.

அக்காலத்தில் இப்பகுதியில் நம் மக்களுள் பலருக்கு இருந்த பிழைப்பு எவை என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பல்லாவரத்திலும், குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையிலும் தோல் பதனிடும் வேலை. பல்லாவரம், திரிசூலம் மலைகளில் கல்லுடைக்கும் வேலை. மற்றபடி வயல் வேலையும் கூலி வேலையும். அத்தகைய வீட்டில் ஒரு பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வது ஊர் முழுதும் பேசப்படும் செய்தி. பள்ளிச் சம்பளம் சலுகையாகக் கிடைத்தாலும் புத்தகம் சலுகையாகக் கிடைக்கவில்லை. புதிய ஆங்கில இலக்கண நூலோ கணித நூலோ வாங்குவது தந்தையின் பல நாட் கூலியை விழுங்கிவிடும்.

இந்த இடர்ப்பாட்டிற்கு மூர் மார்க்கெட் வழி காட்டியது. தேர்வு முடித்த மாணவன் தன் நூல்களை அங்கே கொண்டுபோய் விற்பான். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது கீழ் வகுப்பிலிருந்து ஏறி வந்தவன் அதே நூல்களை வாங்குவான். ஆண்டு முடிந்ததும் அவனும் திரும்ப விற்பான். இவ்வாறு ஒரே நூல் நான்கு ஐந்து கைகள் மாறும். முதற்பக்கத்தில் ஒருவர் பெயரை அடித்து மற்றொருவர் பெயர் எழுதப்பட்டிருக்கும். முன்னே படித்தவர் ஓரங்களில் எழுதிய குறிப்புகள், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு ஆசிரியர்போல உதவின. கடைக்காரர் சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரம் தொடங்குவது அங்கே வழக்கம். பேரம் பேசத் தெரியாத பையன் அடுத்த முறை மூத்தவர் ஒருவரை அழைத்துச் செல்வான்.

நகரில் நூலகங்கள் இல்லாமல் இல்லை. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் எழும்பூரிலேயே இருந்தது. 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டமும் வந்தது. எனினும் நூலை வீட்டிற்கு எடுத்துச் செல்ல வைப்புத்தொகை வேண்டும். பிணை நிற்பவர் வேண்டும். கீற்றுக் குடிசையில் வாழ்ந்த மாணவனுக்கு இவை எட்டாதவை. பழைய புத்தகக் கடையில் பிணை தேவையில்லை. கடைக்காரர் விலையைப் பேசினார், சாதியைக் கேட்கவில்லை. கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் சாதி கேட்கப்பட்ட காலத்தில் இது சிறிய செய்தியன்று.

இவ்விடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைக்காதிருக்க இயலாது. 1913 முதல் 1916 வரை நியூயார்க்கு நகரில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, உணவுச் செலவைக் குறைத்துக்கொண்டு பழைய புத்தகக் கடைகளில் சுமார் 2,000 நூல்களை அவர் வாங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். 1917இல் அவர் இலண்டனிலிருந்து தாயகம் திரும்பியபோது, தனியே அனுப்பப்பட்ட அவருடைய பெட்டிகள் போர்க்காலத்தில் மூழ்கடிக்கப்பட்ட கப்பலோடு கடலில் போயின. அவர் ஓய்ந்துவிடவில்லை, மீண்டும் சேர்த்தார். பின்னர் பம்பாய் தாதரில் ‘இராஜகிருகம்’ என்னும் இல்லத்தைத் தம் நூல்களுக்காகவே திட்டமிட்டுக் கட்டினார். நூல் சேர்ப்பது செல்வர்க்கு உரிய பொழுதுபோக்கு, ஏழைக்கு அது எதற்கு என்று எண்ணுவோர்க்கு அவர் வாழ்க்கையே விடை.

தீ

1985ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் மூர் மார்க்கெட்டில் தீப்பிடித்தது. மரமும் தாளும் துணியும் நிறைந்த இடமாதலால் நெருப்பு கட்டடம் முழுவதையும் பற்றிக்கொண்டது. எண்பத்தைந்து ஆண்டுகள் நின்ற அங்காடி எரிந்து, கருகிய சுவர்களே எஞ்சின.

நாளை எண்ணிப் பாருங்கள். மே மாதக் கடைசி. இன்னும் சில நாட்களில் பள்ளிகள் திறக்கும். பழைய பாடநூல்களை வாங்கிக் கடைக்காரர்கள் அடுக்கி வைக்கும் பருவம் அது. எரிந்தவை கடைக்காரர்களின் முதல் மட்டும் அன்று; அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பல ஏழைப் பிள்ளைகள் கையிற் பிடிக்க இருந்த பாடங்களும் ஆகும்.

தீ எவ்வாறு பிடித்தது என்பது பற்றி அன்றே பலவிதமாகப் பேசப்பட்டது. சென்ட்ரல் நிலையத்தின் விரிவாக்கத்திற்கு அந்நிலம் வேண்டப்பட்டிருந்ததால், இது தானே பிடித்த தீயன்று என்று ஐயுற்றவர்களும் உண்டு. ஐயத்தை வரலாறாக எழுதுவது முறையன்று. நமக்கு வேறு செய்தி முதன்மையானது. அன்று எந்தெந்த நூல்கள் எரிந்தன என்பதற்குப் பட்டியல் இல்லை. பழைய புத்தகக் கடைக்குப் பட்டியல் ஏது? அங்கே பாடநூல்களோடு, வேறெங்கும் கிடைக்காத பழைய தமிழ் நூல்களும் இதழ்த் தொகுதிகளும் குவிந்திருந்தன. அவற்றுள் கடைசிப் படிகளாக இருந்தவை எவை என்று இனி எவராலும் சொல்ல இயலாது.

இதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு முன், 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் வன்முறையாளர்களால் கொளுத்தப்பட்டது. ஓலைச்சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நூலகக் கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். அதன் அமைப்புக்கு அறிவுரை கூறியவர் நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். அந்த அழிவு தமிழர் நெஞ்சில் இன்றும் ஆறாத புண். இரண்டு தீக்களும் ஒரே தன்மையன அல்ல. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் கருத வேண்டும். யாழ்ப்பாணத்தில் இழந்தது இத்தனை நூல் என்று உலகம் அறியும். மூர் மார்க்கெட்டில் இழந்ததை எவரும் அறியார். எண்ணப்படாத பொருளுக்கு எவரும் அழுவதில்லை. ஏழையின் இழப்பு பெரும்பாலும் இத்தகையதே.

தீக்குப் பின் நடந்தது

தீ ஒரு கட்டடத்தை அழித்தாலும், அது இருந்ததா இல்லையா என்பதை முடிவு செய்வது தீக்குப் பின் மனிதர் எடுக்கும் முடிவே. 2000ஆம் ஆண்டு சென்னைத் தலைமை அஞ்சலகக் கட்டடத்தில் தீப்பிடித்தது. அக்கட்டடம் பழுதுபார்க்கப்பட்டு நிற்கிறது. 2012ஆம் ஆண்டு சனவரியில் சேப்பாக்கத்துக் கலச மகால் எரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கட்டப்பட்ட அவ்வரண்மனையைச் சுண்ணாம்புச் சாந்து முதலிய பழைய முறைகளைக் கொண்டே சீர்செய்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திற்கும் அங்கே இடமளித்தார்கள்.

மூர் மார்க்கெட்டுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. எரிந்து எஞ்சிய சுவர்களும் அகற்றப்பட்டன. அவ்விடத்தில் புறநகர் இரயில்களுக்கான நிலையமும் முன்பதிவு அலுவலகங்களும் அடங்கிய உயர்ந்த கட்டடம் எழுந்தது. ‘மூர் மார்க்கெட் வளாகம்’ என்ற பெயர் மட்டும் எஞ்சிற்று. அதன் முன்னே பழைய அங்காடியின் சிறிய மாதிரி உருவம் ஒன்று வைக்கப்பட்டது. வணிகர்களுக்கு அருகிலேயே அல்லிக்குளம் இருந்த இடத்தில் கட்டப்பட்ட வணிக வளாகத்தில் கடைகள் தரப்பட்டன. அங்கும் பழைய புத்தகக் கடைகள் நடந்தன. ஆனால் பழைய கூட்டம் கூடவில்லை.

நாம் நியாயமாகப் பேச வேண்டும். அப்புறநகர் நிலையமும் ஏழைகளுக்குப் பயன்படுவதே. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வேலைக்கு வருவோர் நாள்தோறும் அங்கேதான் இறங்குகிறார்கள். எனினும், அரண்மனையும் அஞ்சலகமும் எரிந்தால் திரும்பக் கட்டலாம், ஏழைகள் புழங்கிய அங்காடி எரிந்தால் இடித்து அகற்றலாம் என்றவாறு முடிந்துபோனதை மறைத்துச் சொல்வதிற் பயனில்லை. கட்டடங்களைக் காக்கும் எண்ணம் 1985இல் வலுப்பெறவில்லை என்பது ஒரு காரணம். அந்த அங்காடிக்காகப் பேச வலிமையுள்ளோர் இல்லை என்பது மற்றொரு காரணம்.

அதே 1985ஆம் ஆண்டு சூலை மாதத்தில், மூர் மார்க்கெட்டின் பின்புறம் மக்கள் பூங்காவில் நெடுநாள் இருந்த விலங்குக் காட்சிச் சாலை, தாம்பரத்திற்குத் தெற்கே வண்டலூரில் புதிய உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. விலங்குகளுக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே திட்டமிட்டு, இடம் தேடிக் கொடுத்தார்கள். அதை நாம் வரவேற்கிறோம். பக்கத்தில் இருந்த புத்தகங்களுக்கும் யாரேனும் அவ்வாறு திட்டமிட்டிருந்தால் என்ற எண்ணம் எழாமல் இல்லை.

தீயில்லாமலே அழிந்தவை

மூர் மார்க்கெட் எரிந்ததை மட்டும் எண்ணி வருந்தி நிற்பதில் பொருளில்லை. தீ தொடாமலே நாம் இழந்தவை பல.

செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளம் என்னும் ஊரிற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கி ஏழு ஆண்டுகள் நடத்தினார். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவர் அவர். அவ்விதழின் முழுத் தொகுதி இன்று நம் கையில் இல்லை. 1939இல் அவர் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் சிறு நூல் இல்லாவிடில், அவ்விதழைப் பற்றி நாம் அறிவது இன்னும் குறைந்திருக்கும். பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம். சி. இராஜா ஆசிரியராக இருந்து, பள்ளிப் பாடநூல்கள் எழுதி, சட்டமன்றம் வரை சென்று நமக்காக வாதாடியவர். நம் ஊர்களின் நடுவே பிறந்த அவர் எழுதிய பாடநூல்களை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் கண்ணால் கண்டிருக்கிறார்கள்?

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ என்று பெயர் மாறி, அவர் 1914இல் மறையும் வரை நடந்தது. அதன்பின் நெடுங்காலம் கல்லூரிகளும் வரலாற்று நூல்களும் அவரை மறந்திருந்தன. ஆனால் அவர் வழிநின்ற பௌத்தக் குடும்பங்களில் சிலர் அவ்விதழ்களைக் கட்டிப் போற்றி வைத்திருந்தனர். அவ்வாறு காக்கப்பட்டதால்தான், 1999ஆம் ஆண்டு பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ஞான. அலாய்சியசைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்னும் தொகுதிகளை வெளியிட முடிந்தது. இன்று அவரைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நடைபெறுகிறது. பெட்டியில் இதழை வைத்துக் காத்த அந்தக் குடும்பங்கள் இல்லையெனில் இது நடந்திருக்குமா?

ஏடு என்பது அறிவுக்கு மட்டும் உரியதன்று, உரிமைக்கும் உரியது. செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892 முதல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிபந்தனையுடன் நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பஞ்சமி நிலம் என நாம் கூறுவது இதனையே. அந்நிலங்களுள் பல கைமாறிப் போனதற்குக் காரணங்கள் பல. வீட்டில் பட்டா இல்லை, பழைய தாள் இல்லை, குடிசை எரிந்தபோது எல்லாம் எரிந்தது என்று நம் மக்கள் சொல்லி நிற்பதும் அவற்றுள் ஒன்று. கீற்றுக் கூரை பற்றிக்கொண்டால் பாத்திரம் மிஞ்சும், தாள் மிஞ்சாது. பள்ளிச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் நிலத் தாளும் ஒரே தகரப் பெட்டியில் இருக்கும். ஒரே இரவில் போகும்.

நாம் செய்ய வேண்டியது

இக்கதை நமக்குக் கூறும் பாடம் ஒன்றே. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் எதுவும் பாதுகாப்பானதன்று. தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திராமல், இன்றே படியெடுத்து இரண்டு மூன்று இடங்களில் வைப்பதே ஏட்டைக் காக்கும் வழி.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் விளம்பரப் பலகை ஓவியர் ஒருவர் இருந்தார். அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். பழைய நூல்களையும் இதழ்களையும் நாடக அறிக்கைகளையும் திருமண அழைப்புகளையும்கூடத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின், அத்தொகுப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் பெற்றுத் தமிழகத்திலேயே இருத்தியது. அது இன்று நம் தென்சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. தனி ஒருவர் செய்ததைச் சங்கமாக இருக்கும் நாம் செய்ய முடியாதா?

ஆகவே இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் உறுப்பினர்கள் முன் சில வேலைகளை வைக்கிறோம்.

முதலாவது, இருபத்தைந்து ஆண்டுகளின் நடவடிக்கைக் குறிப்பேடுகள், வரவு செலவுக் கணக்குகள், ஆண்டு அறிக்கைகள், இரவுப் பள்ளி வருகைப் பதிவேடுகள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, சங்க அலுவலகத்தில் ஒன்றும் வேறிடத்தில் ஒன்றுமாக வைத்தல் வேண்டும். கைப்பேசி வைத்திருக்கும் இளைஞர் இருவர் சில ஞாயிற்றுக்கிழமைகளில் முடிக்கக்கூடிய வேலை இது.

இரண்டாவது, ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பழைய நூல், துண்டறிக்கை, மாநாட்டு அழைப்பு, நிழற்படம் ஆகியவற்றைக் குப்பையென்று எடைக்குப் போடாமல் சங்கத்திற்குக் காட்டுதல் வேண்டும். பொருள் உரியவரிடமே இருக்கட்டும்; படி மட்டும் நமக்குப் போதும். படத்தில் இருப்போர் யார் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பின்புறம் எழுதி வைத்தல் நன்று.

மூன்றாவது, பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நிலத் தாள் ஆகியவற்றின் படிகளை ஒவ்வொரு குடும்பமும் வீட்டிற்கு வெளியேயும் ஓரிடத்தில் வைத்தல் வேண்டும். இதற்கு உதவுவதைச் சங்கத்தின் கடமையாக நாம் கொள்கிறோம்.

நான்காவது, ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் சங்க அலுவலகத்தில் பாடநூல் மாற்று நாள் ஒன்றை நடத்துவோம். இன்று பள்ளிப் பாடநூல்களை அரசு விலையின்றித் தருகிறது. ஆனால் கல்லூரி நூல்களும் போட்டித் தேர்வு நூல்களும் இன்றும் ஏழைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத விலையில் உள்ளன. படித்து முடித்தவர் கொண்டுவந்து வைக்கட்டும். படிக்கப் போகிறவர் எடுத்துச் செல்லட்டும். முதற்பக்கத்தில் தம் பெயரை எழுதி, முன்னவர் பெயரை அடிக்காமல் விட்டுவைக்கட்டும்.

மூர் மார்க்கெட்டின் செங்கற் சுவர்களை நாம் மீண்டும் எழுப்ப இயலாது. நம் பாட்டன்மாரும் தந்தையரும் அங்கே பெற்றது சுவர்களை அன்று. குறைந்த விலையில், தலைகுனியாமல் பெற்ற நூல்களை. அந்த வழியைத் திறந்து வைத்திருக்க நம்மால் இயலும். இளைஞர்களே, நம் ஏட்டை நாமே எழுதுவோம்; எழுதியதை நாமே காப்போம். ஐம்பதாம் ஆண்டுப் பொன்விழா மலரை எழுத அமர்வோர்க்கு, இது இல்லை, அது எரிந்தது என்று எழுதும் நிலை வராதிருக்கட்டும்.